சிக்ஸ்த் ஃபோர்ம் முதல் தவணையில் பிள்ளை ஒரு காரியத்தைத் தொடங்கி முடிப்பது எப்படி?

செப்டெம்பர் வந்துவிட்டால் லண்டனில் எங்கள் வீடுகளில் ஒரே கதைதான். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சை முடிந்தது, பிள்ளை ஆண்டு 12க்குப் போகிறது, கணிதத்துக்கு எந்த ரியூஷன், இரசாயனவியலுக்கு யார் நல்லவர், சனிக்கிழமை காலையா மாலையா. என் மூத்த மகனுக்கு நானும் இப்படித்தான் ஓடித் திரிந்தேன். அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழக விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்று எழுதவேண்டிய இடத்தில் அவன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். கெட்டிக்காரப் பிள்ளை. நாலு சங்கத்தில் பெயர் கொடுத்திருந்தான், ஒன்றுக்கும் மூன்று தடவைக்கு மேல் போகவில்லை.

மகள் அதே படியில் ஏறியபோது வேறு மாதிரிச் செய்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், இந்த ஆண்டு பிள்ளையை சிக்ஸ்த் ஃபோர்முக்கு, அதாவது ஆண்டு 12, 13 படிப்புக்கு, அனுப்பியிருக்கும் தாய் தகப்பனுக்கும், தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும்.

ஊரில், இலங்கையில், உயர்தரம் படித்த எங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட நாளெடுக்கும். அங்கே பல்கலைக்கழக இடத்தைப் பரீட்சைப் புள்ளிதான் தீர்மானித்தது. இங்கே பிள்ளை பரீட்சை எழுத முன்னரே விண்ணப்பிக்கிறது, ஆசிரியர் கணித்துக் கொடுக்கும் புள்ளியோடும் தன்னைப்பற்றித் தானே எழுதிய பக்கத்தோடும். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், விலங்கு மருத்துவம் என்றால் ஆண்டு 13 தொடங்கி ஆறு வாரத்தில், ஒக்டோபர் 15க்குள், விண்ணப்பம் போய்விடவேண்டும். மற்றவர்களுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு, ஆனால் பல பள்ளிகள் தங்கள் பக்கத்தில் இன்னும் முந்திய ஒரு நாளை வைத்திருக்கும். அப்படிப் பார்த்தால் கையில் இருப்பது ஆண்டு 12 இன் மூன்று தவணைதான், அதிலும் கோடைத் தவணை பரீட்சையோடு போய்விடும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: முதல் தவணையில் ஒரேயொரு காரியத்தை எடுத்து, கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன் முடித்துக்காட்டவேண்டும். நாலு வேண்டாம், ஒன்று போதும்.

எதை எடுப்பது?

பிள்ளையோடு இருந்து கதையுங்கள், ஆனால் தெரிவு பிள்ளையுடையதாக இருக்கட்டும். நாங்கள் மூன்று கேள்வி வைத்துப் பார்த்தோம். பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் யாராவது தேடுவார்களா? வேறு யாருக்காவது இதனால் உபயோகம் உண்டா? டிசெம்பருக்குள் இதில் ஏதாவது ஒரு முடிவைக் கையில் எடுத்துக் காட்ட ஏலுமா? இணையத்தில் இரவிரவாக முடித்த ஐந்து சான்றிதழ் முதலாவது கேள்வியிலேயே விழுந்துவிடும்.

மகள் எடுத்தது சின்னக் காரியம். ஆரம்பப் பள்ளி முடித்து ஆண்டு 7க்கு வந்த பிள்ளைகள் சிலருக்கு பின்னமும் வகுத்தலும் சரியாக ஓடாது. அவர்களுக்கு வியாழன் மதிய இடைவேளையில் அரை மணித்தியாலம் கணித உதவி. பெரிய பெயர் ஒன்றும் வைக்கவில்லை, கதவில் ஒட்டிய கடதாசியில் "கணக்கு மேசை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதியிருந்தாள். உங்கள் பிள்ளைக்கு அது பள்ளிச் சஞ்சிகையாக இருக்கலாம், விவாதக் குழுவாக, நாடகத்துக்கு மேடை ஒளி போடும் வேலையாக, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பழக்குவதாக இருக்கலாம். எது என்பதைவிட, ஒவ்வொரு வாரமும் அதே நாள் அதே நேரம் அங்கே நிற்பது முக்கியம்.

தொடங்குவது

பல பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நின்றுவிடும், ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். நேரில் கேட்கக் கூச்சமென்றால் மின்னஞ்சல் போதும், அதைப் பிள்ளைதான் எழுதவேண்டும். மகள் எழுதியதில் இருந்த விஷயம் இவ்வளவுதான்: ஆண்டு 7 பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன், வியாழன் மதியம் எனக்கு நேரம் உண்டு, கணிதப் பகுதியில் ஒரு வகுப்பறை தேவை, ஒக்டோபர் முதல் வாரத்திலிருந்து கிறிஸ்மஸ் வரை நடத்துவேன், இதைப்பற்றிக் கதைக்க ஐந்து நிமிடம் தருவீர்களா. ஆறு வரி. அன்று பின்னேரமே பதில் வந்தது. வேலைப்பளுவில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் "ஓம்" என்று சொல்ல ஏலுமான மாதிரி எழுதவேண்டும், நாள், நேரம், இடம், எவ்வளவு காலம் என்று. "ஏதாவது உதவி செய்ய விருப்பம்" என்று மொட்டையாக எழுதினால் அவர் யோசித்துப் பதில் எழுதவேண்டி வரும், அந்தப் பதில் வராது.

ஆசிரியர் சம்மதித்தாலும் சில ஒழுங்குகள் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு வேலை என்றால் பெரியவர் ஒருவர் அறையிலோ கூப்பிடு தூரத்திலோ இருக்கவேண்டும் என்று பள்ளி எதிர்பார்க்கும், அதைப் பிள்ளையே முந்திக்கொண்டு கேட்டால் நல்லது. சாப்பாடு சம்பந்தப்பட்டதென்றால் இன்னும் கவனம் வேண்டும். ஜனவரியில் மகளும் இரண்டு சிநேகிதிகளும் பள்ளியில் பொங்கல் செய்ய முன்வந்தார்கள். லண்டனில் இப்போது ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று கொண்டாடுகிறோம், அதனால் பள்ளிக்கும் அது விருப்பமாகத்தான் இருந்தது. வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை, பள்ளியின் சமையல் வகுப்பறையில் செய்யச் சொன்னார்கள். அப்புறம்தான் கஜுப் பிரச்சினை. இங்கே கனக்கப் பள்ளிகள் கொட்டை வகைகளை உள்ளே விடுவதில்லை. கஜு இல்லாமல் என்ன சர்க்கரைப் பொங்கல் என்று அம்மம்மா கேட்டார், ஆனாலும் கஜுவை விட்டுவிட்டு முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) மட்டும் போட்டார்கள். இந்த நாட்டுச் சட்டத்தில் ஒவ்வாமை தரும் 14 பொருட்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. பால் அதில் ஒன்று, அதனால் பாலுக்கும் நெய்க்கும் அட்டையில் எழுதி வைக்கவேண்டும். சில வற்றல் பைக்கற்றுகளில் சல்பைட் சேர்ந்திருக்கும், அதுவும் அந்தப் பட்டியலில் உள்ளதுதான். மகள் ஒவ்வொரு பைக்கற்றின் பின்பக்கத்தையும் படமெடுத்து சமையல் ஆசிரியைக்கு அனுப்பி, அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அடுப்பு மூட்டினார்கள். பாத்திரத்தில் பால் பொங்கி வழிந்தபோது வாசலில் நின்ற பிள்ளைகள் கத்திய சத்தம் இப்போதும் அவளுடைய ஃபோனில் இருக்கிறது.

பதவி பற்றி

எங்கள் ஆட்களுக்குச் சிரேஷ்ட மாணவத் தலைவர் என்றால் ஒரு தனி மரியாதை, அதில் பிழையில்லை. இங்கும் பல சிக்ஸ்த் ஃபோர்ம்களில் ஆண்டு 12 இன் பிற்பகுதியில் தலைமை மாணவரைத் தெரிவு செய்வார்கள்: விண்ணப்பக் கடிதம், சிறு பேச்சு, சில இடங்களில் வாக்கெடுப்பு, பிறகு நேர்முகம். ஆனால் ஒரு பள்ளிக்கு ஒருவர் இருவர்தான். மகனுக்கு அது கிடைக்காத அன்று நான் பெரிய பிழை ஒன்று விட்டேன், ஆண்டுப் பொறுப்பாசிரியருக்கு நானே நீண்ட மின்னஞ்சல் எழுதிக் காரணம் கேட்டேன். அவர் மரியாதையாகப் பதில் எழுதினார். மகன்தான் உடைந்துபோனான். "அம்மா, இனி என்ரை பேரில நீங்கள் ஒண்டும் எழுதவேண்டாம்" என்றான், இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் கதைக்கவில்லை. 16 வயதுக்கு மேல் பிள்ளையின் கடிதங்களைப் பிள்ளைதான் எழுதவேண்டும். பிழை விட்டால் பிள்ளையே திருத்தட்டும்.

பேச்சுக்குத் தயாராகும் பிள்ளைக்குச் சொல்லக்கூடியது: நான் ஏற்கெனவே செய்தது இது, வந்தால் செய்யப்போவது இது, இரண்டையும் இரண்டு நிமிடத்தில் சொல்லு. பள்ளி நேரத்தை மாற்றுவேன், கன்ரீனில் விலை குறைப்பேன் என்று தன் கையில் இல்லாததைச் சொன்னால் கேட்கிற பிள்ளைகளுக்கே தெரியும். குடிநீர்க் குழாயடியில் மதியத்தில் வரும் நெரிசலைக் குறைக்க ஒரு வழி யோசித்துச் சொன்னால் வாக்கு விழும்.

பதவி இல்லாமலும் தலைமைத்துவம் பழகலாம். இதை நான் கணக்கு மேசையில் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன், மகள் சொல்லிக் கேட்டதுதான். நவம்பரில் அவளுக்கு உயிரியல் பரீட்சை ஒன்று வந்தது, அந்த வியாழன் போக ஏலாது. முதல் யோசனை, அந்த வாரம் இல்லை என்று கதவில் எழுதி ஒட்டுவது. பிறகு வகுப்பில் அதிகம் கதைக்காத ஒரு பிள்ளையைக் கேட்டாள், அவன் வந்து நடத்தினான். அடுத்த வாரம் அவள் போனால் சின்னவர்கள் அவனைத் தேடுகிறார்கள், அவன் மேசையில் பென்சில்களை அடுக்கிப் பின்னத்தைக் காட்டியிருக்கிறான். அதன் பிறகு இருவருமாக நடத்தினார்கள். தான் இல்லாவிட்டாலும் ஓடக்கூடிய மாதிரி ஒன்றை அமைப்பது, கேட்கவே கூச்சப்படும் ஒருவரைக் கேட்டு உள்ளே எடுப்பது, இதைச் செய்த பிள்ளை நேர்முகத்தில் தலைமைத்துவம் பற்றிக் கேட்டால் தேடித் திரியத் தேவையில்லை.

கற்பனைக்கு இடம்

அறிவியல் பாடம் எடுத்த பிள்ளைக்குக் கற்பனை எதற்கு என்று கேட்பவர்கள் ஈபிகியூ (எக்ஸ்ரெண்டட் புறொஜெக்ட் குவாலிஃபிகேஷன்) பற்றிக் கொஞ்சம் விசாரியுங்கள். பிள்ளை தானே ஒரு தலைப்பை எடுத்து ஆராய்ந்து ஏறக்குறைய 5,000 சொல்லில் கட்டுரை எழுதலாம், அல்லது ஒரு பொருளை உருவாக்கி அதற்குச் சிறிய அறிக்கை எழுதலாம். முடிவில் ஆட்களுக்கு முன் நின்று விளக்கவும் வேண்டும். பெறுமதி, ஆண்டு 13 முடிவில் எழுதும் ஏ லெவல் பாடம் ஒன்றின் அரைவாசி: ஏ லெவலின் அதியுயர் தரமான ஏ ஸ்டாருக்கு 56 யூகாஸ் புள்ளி (யூகாஸ்தான் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு), இதில் 28. இதைவிடப் பெரிய இலாபம், சில பல்கலைக்கழகங்கள் ஈபிகியூவில் நல்ல தரம் எடுத்தவர்களுக்கு ஏ லெவல் நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்துகின்றன. எல்லாப் பள்ளியிலும் இது இல்லை, இருந்தால் ஆண்டு 12 இல் எப்போது தொடங்குகிறது என்று முதல் தவணையிலேயே கேட்டு வையுங்கள்.

தலைப்பைக் குறுக்குவதுதான் கஷ்டம். எங்கள் பிள்ளைகள் அநேகம்பேர் "ஈழத்தமிழர் வரலாறு" என்று தொடங்குவார்கள், அதற்கு ஐந்து இலட்சம் சொல்லும் போதாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை எடுக்கலாம், அதுவும் அகலம்தான். இன்னும் கிட்டப் போனால், எரிந்துபோன ஒரு சேகரத்துக்குப் பிறகு ஒரு சமூகம் தன் நூல்களை எப்படித் திரும்பச் சேர்க்கிறது, 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் அதில் என்ன செய்தது என்று கேட்கலாம். இப்போது அது ஒரு கேள்வி, பதில் தேட வழியுண்டு, இணையத்தில் ஆவணங்கள் திறந்து கிடக்கின்றன. வீட்டில் அப்பப்பாவிடம் அந்த வாசிகசாலையில் இருந்து வாசித்த நினைவைக் கேட்டுப் பதியலாம், அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு. இதில் வேலைக் குறிப்பேடு ஒன்று கட்டாயம். திட்டம் எப்படி மாறியது, எந்த மூலத்தை ஏன் நம்பவில்லை என்பதற்கெல்லாம் புள்ளி உண்டு, அதனால் கடைசி வாரத்தில் இருந்து எழுதினால் சரிவராது.

ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதையும் மறக்கவேண்டாம். பரதம், மிருதங்கம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி என்று எங்கள் பிள்ளைகள் ஐந்து வயதிலிருந்து ஓடுகிறார்கள், பள்ளியில் யாருக்கும் அது தெரியாது. டியூக் ஒஃப் எடின்பரோ விருதின் தங்கப் படி 16 வயதில் தொடங்கலாம். அதில் நடனம் உடற்பயிற்சிப் பகுதிக்குள் வரும், மிருதங்கம் திறன் பகுதிக்குள் வரும், தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் சின்ன வகுப்புக்கு உதவுவது தொண்டுப் பகுதிக்குள் வரும். தொண்டு 12 மாதம். மற்ற இரண்டில் ஒன்று 12 மாதம், ஒன்று 6 மாதம். வெள்ளிப் படி செய்யாமல் நேரே தங்கத்துக்கு வந்தவர்களுக்கு இன்னும் ஒரு 6 மாதம் கூடும். இவற்றோடு 4 பகல் 3 இரவு நடைப்பயணமும், அறிமுகமில்லாதவர்களோடு 5 பகல் 4 இரவு தங்கிச் செய்யும் ஒரு வேலையும் உண்டு. பதிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள், பழைய ஆண்டுகளைக் கொண்டுவந்து சேர்க்க விடமாட்டார்கள். மதிப்பிட்டுக் கையெழுத்து வைப்பவர் உறவினராக இருக்கக்கூடாது, பெரியம்மாதான் நடன ஆசிரியை என்றால் வேறொருவரைப் பாருங்கள். பதிவுக் கட்டணம், கூடாரம், சப்பாத்து என்று செலவு வரும். கையில் கஷ்டமென்றால் 16 முதல் 19 வயதுக்கான பேர்சரி உதவி உண்டு, பள்ளி அலுவலகத்தில் அமைதியாக விசாரிக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

போட்டிகள் என்றால், கணிதப் பிள்ளைகளுக்கு ஒக்டோபரில் சீனியர் மெத்ஸ் சேலஞ்ச்: 90 நிமிடம், 25 கேள்வி, தொடக்கத்திலேயே 25 புள்ளி தந்துவிடுவார்கள், சரிக்கு 4 கூடும், பிழைக்கு 1 குறையும். அதனால் கண்ணை மூடிக் குறி போடவேண்டாம். பெயர் கொடுப்பது பள்ளி, ஆகவே செப்டெம்பரிலேயே கேட்கவேண்டும்.

எழுதி வைத்தல்

இதுவரை சொன்னதில் எதை விட்டாலும் இதை விடவேண்டாம். மகளிடம் 80 பக்கக் கொப்பி ஒன்று இருந்தது, ஒவ்வொரு வியாழனும் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியதும் நாலைந்து வரி எழுதுவாள். முதலாவது பக்கம் இப்படி இருக்கிறது: "ஒக்டோபர் 2. 4 பேர். பின்னம் கூட்டல். ஒருவன் பேனையைத் திறக்கவே இல்லை. சாப்பிடாமல் நேரே வந்திருக்கிறான். அடுத்த வாரம் முதல் 10 நிமிடம் சாப்பாடு, பிறகு கணக்கு." அடுத்தது: "ஒக்டோபர் 9. 7 பேர். சாப்பாடு சரிவந்தது. 20 நிமிடம் போதவில்லை, வினாவை மூன்றாகக் குறைக்கவேணும்."

இந்தக் கொப்பியின் பெறுமதி விண்ணப்பத்தில் தெரியும். யூகாஸ் விண்ணப்பத்தில் முந்தி ஒரே நீண்ட கட்டுரையாக எழுதிய பகுதியை 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள்: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய், உன் படிப்பு அதற்கு உன்னை எப்படித் தயார்செய்தது, படிப்புக்கு வெளியே வேறு என்ன செய்தாய், அது ஏன் உதவும். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளியோடு 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. மூன்றாவது கேள்விக்கு "எனக்குத் தலைமைத்துவப் பண்பு உண்டு, கற்பிப்பதில் மிகுந்த ஆர்வம் கொண்டவள்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒரு படமும் வராது. "ஆண்டு 7 மாணவருக்கு 10 வாரம் கணித உதவி நடத்தினேன், பசியோடு வரும் பிள்ளைக்குப் பின்னம் ஏறாது என்று முதல் நாளே கண்டு நேரத்தைப் பிரித்தேன், ஒரே வினாவை மூன்று விதமாக விளக்கப் பழகினேன்" என்று எழுதினால் அந்தப் பிள்ளை கண்ணுக்கு முன் நிற்கும். இப்படி எழுதத் திகதியும் எண்ணிக்கையும் வேண்டும், ஒரு ஆண்டு கழித்து அவை ஞாபகத்தில் இருக்காது.

இன்னொரு விஷயம், இதை அழுத்திச் சொல்லவேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் மதிய இடைவேளையில் சங்கம் நடத்த வசதி வராது. அப்பாவின் கடையில் சனி ஞாயிறு நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மம்மாவை ஜிபியிடம் கூட்டிப்போய் மருத்துவர் சொல்வதைத் தமிழாக்கி, அம்மம்மா சொல்வதை ஆங்கிலமாக்கி, வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டியை நாள் நாளாகப் பிரித்து வைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடசாலை நாட்களில் தம்பியை எழுப்பிக் கூட்டிப்போவதும் அவர்கள்தான். எங்கள் வீடுகளில் இதை ஒரு சாதனையாக யாரும் எண்ணுவதில்லை, பிள்ளையும் எழுதுவதில்லை. எழுதலாம், எழுதவேண்டும். மூன்றாவது கேள்வி கேட்பது இதையும்தான். மருத்துவமோ தாதியமோ மொழியோ படிக்கப் போகும் பிள்ளைக்கு, நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் நின்று ஒரு சொல்லுக்குச் சரியான சொல் தேடிய அனுபவம் எந்தச் சங்கத்திலும் கிடைக்காது. அதற்கும் ஒரு கொப்பி போடுங்கள்.

புள்ளி குறைந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். படிப்புத்தான் முதல், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அரைத்தவணை விடுமுறைக்கு முன் வரும் வகுப்புப் பரீட்சையில் தரம் இறங்கினால் காரியத்தை அப்படியே கைவிடாமல் அளவைக் குறைக்கலாம், வாரம் ஒருமுறையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக்கலாம், பொறுப்பை இன்னொருவரோடு பிரிக்கலாம்.

டிசெம்பரில் தவணையின் கடைசி வாரம்

விடுமுறைக்கு முன் மூன்று வேலை மிச்சம். ஒன்று, வந்துபோன சின்னவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசியில் எது உதவியது, எது உதவவில்லை என்று பெயரில்லாமல் எழுதி வாங்குவது. மகளுக்குக் கிடைத்த ஒன்பதில் ஒன்றில் "நீங்கள் கெதியாகக் கதைக்கிறீர்கள்" என்று இருந்தது, அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். இரண்டு, பொறுப்பான ஆசிரியருக்கு ஒரு பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதி, நன்றி சொல்லிக் கொடுப்பது. பல்கலைக்கழகத்துக்கான பரிந்துரையைப் பள்ளி எழுதும்போது அவரிடம் கேட்பார்கள், நூறு பிள்ளைகளைப் பார்க்கும் அவருக்கு அந்தப் பக்கம் கையில் இருந்தால் எழுத இலகு. மூன்று, ஜனவரிக்கு அதே அறையை இப்போதே பதிவு செய்வது. விடுமுறை முடிந்து வந்து கேட்டால் வியாழன் மதியத்துக்கு அறை கிடைக்காது, அதற்குள் சதுரங்கக் குழு எடுத்துவிடும்.